எச். பைலோரி ஆய்வுக்கு சுண்டெலியா ஜெர்பிலா? எத்திக்ஸ் கமிட்டிக்கு போறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்

லேப்தேனீ:

எல்லாருக்கும் வணக்கம். நான் மைக்ரோபயாலஜில பிஎச்டி முதல் வருஷம். எங்க லேப்ல இதுவரைக்கும் எச். பைலோரிங்கற வயித்துக் கிருமிய தட்டுல வளர்த்து அதுமேல மருந்து போட்டு பாக்குற வேலைதான் நடந்திருக்கு, அனிமல் வேலை யாரும் தொட்டதில்ல, நான்தான் முதல் ஆள், கேக்கறதுக்கு சீனியர் கூட இல்ல. ஒரு மூலிகைச் சாறு எடுத்து வெச்சிருக்கேன், பேர் இப்ப சொல்ல முடியாது, தட்டுல கிருமிய நல்லாவே அடக்குது. அடுத்து உயிருள்ள வயித்துக்குள்ளயும் வேலை செய்யுதான்னு காட்டணும், அதுக்கு கைடு சொன்னது பிளாக் சிக்ஸ்ங்கற லேப் ரக சுண்டெலி 60, கிருமில எஸ்எஸ்1ங்கற ஸ்ட்ரெய்ன் (ரகம்), ஆறு மாசம்.

நான் எழுதி வெச்சிருக்கற பிளான் இதுதான்: கிருமி குடுத்து, சாறு குடுத்து, கடைசில வயித்த எடுத்து எத்தனை கிருமி இருக்குன்னு எண்ணறது, வீக்கத்த காட்டற ஐஎல்-8ங்கற புரதத்த எலைசா கிட்ல அளக்கறது, கிருமியோட காக்-ஏ புரதத்தால வர்ற பாதிப்பு குறைஞ்சுதான்னு பாக்கறது, கேன்சர் தொடக்கம் தெரியுதான்னு ஹிஸ்டாலஜி, அதாவது திசுவ ஸ்லைடுல வெச்சு பாக்கறது. படிக்கப் படிக்க பயமா இருக்கு, ஏன்னா ஒரு பேப்பர் சுண்டெலிங்குது, இன்னொண்ணு ஜெர்பில்ங்குது (எலி மாதிரி இன்னொரு விலங்கு), பழசுல பன்றிக்குட்டி, குரங்குன்னு எல்லாம் வருது. ஆறு மாசத்துல சுண்டெலிக்கு கேன்சர் வருமா? இல்ல ஜெர்பில்தான் சரியா? நம்ம வயல்ல பிடிக்கிற வெள்ளெலியும் ஜெர்பில் ஜாதிதான்னு ஊர்ல ஒருத்தர் சொன்னாரு, அத வெச்சு பண்ண முடியுமா? 60 உயிரைக் கொன்னுட்டு கடைசில ஒண்ணுமே சொல்ல முடியாம நிக்கக்கூடாது, அதான் கேக்கறேன்.

பெட்ரிதட்டு:

கேட்டது ரொம்ப நல்லதாச்சு லேப்தேனீ, ஏன்னா நீங்க எழுதின பிளான்ல ரெண்டு இடத்துல பெரிய ஓட்டை இருக்கு, கமிட்டில யாராவது கவனிச்சா கேப்பாங்க, கவனிக்கலேன்னா தீசிஸ் எழுதறப்போ உங்களுக்கே தெரிய வரும். நான் எட்டு வருஷமா இந்தக் கிருமியோட இருக்கேன், சுண்டெலி, ஜெர்பில் ரெண்டுலயும் கை வெச்சிருக்கேன்.

முதல் ஓட்டை ஐஎல்-8. சுண்டெலிக்கு ஐஎல்-8 ஜீனே கிடையாதும்மா. அதுக்கு பதிலா கேசி, எம்ஐபி-2ன்னு வேற கீமோகைன்கள் (எதிர்ப்பு செல்ல கூப்பிடற புரதங்கள்) அந்த வேலையப் பாக்குது, நியூட்ரஃபில்ங்கற வெள்ளணுவ கூப்பிடறது அதுங்கதான். மனுஷ ஐஎல்-8 கிட் வாங்கி சுண்டெலி வயித்துல ஓட்டினா வர்ற நம்பருக்கு ஒரு அர்த்தமும் இல்ல.

ரெண்டாவது ஓட்டை எஸ்எஸ்1. இது சிட்னி ஸ்ட்ரெய்ன் 1, ஆஸ்திரேலியால ஏட்ரியன் லீ குழு 1997ல வெளியிட்டது, சுண்டெலி வயித்துல மாசக்கணக்கா நல்லா தங்கும்ங்கறதுதான் அதோட பெருமை, அதனாலதான் உலகம் பூரா அதையே எடுக்கறாங்க. ஆனா அதுல காக் பகுதி இருந்தும் வேலை செய்யாது, அதாவது காக்-ஏவ செல்லுக்குள்ள குத்தி இறக்கற அந்த ஊசி மாதிரி இருக்குற டைப் 4 சிஸ்டம் ஓடல. நீங்க காக்-ஏ பாதிப்ப குறைக்கறேன்னு சொல்லிட்டு காக்-ஏவ உள்ள அனுப்பவே முடியாத ஸ்ட்ரெய்ன எடுத்தா, சாறு குடுத்த குரூப்லயும் பாதிப்பு இருக்காது, குடுக்காத குரூப்லயும் இருக்காது.

இதுக்கு வழி இருக்கு. எஸ்எஸ்1ஐ சுண்டெலிக்குள்ள விடறதுக்கு முன்னாடி மனுஷங்கிட்டேருந்து எடுத்த அதோட மூல ஸ்ட்ரெய்ன் பிஎம்எஸ்எஸ்1ன்னு இருக்கு, அதுல காக் சிஸ்டம் வேலை செய்யுது, சுண்டெலிலயும் தங்குது. வளர்ந்த பிளாக் சிக்ஸுக்கு அத குடுத்தா ரெண்டு மூணு மாசத்துலயே அட்ரஃபி (சுரப்பி அழியறது), மெட்டாபிளேசியா (செல் வேற ரகமா மாறறது) மாதிரி கேன்சருக்கு முந்தின மாற்றங்கள் வருது. முழு கேன்சர் வராது, சாதாரண சுண்டெலில எச். பைலோரி வெச்சு ஆறு மாசத்துல கேன்சர எதிர்பாக்காதீங்க. கேன்சர் வரைக்கும் போகணும்னா கேஸ்ட்ரின்ங்கற வயித்து ஹார்மோன் அதிகமா சுரக்கற ஐஎன்எஸ்-காஸ்னு ஒரு டிரான்ஸ்ஜெனிக் சுண்டெலி இருக்கு, இல்லேன்னா எச். ஃபீலிஸ்னு பூனைலேருந்து வந்த உறவுக்காரக் கிருமிய குடுத்து ஒரு வருஷத்துக்கு மேல காத்திருக்கணும், அந்த ஃபீலிஸ்ல காக்கும் இல்ல வாக்-ஏங்கற நச்சும் இல்ல, அப்புறம் மறுபடி உங்க கேள்வி மாறிடும்.

ஜெர்பில் கதை வேற. மங்கோலியன் ஜெர்பில்ல ஜப்பான் குழு ஒண்ணு 1998ல வெளியிட்டது, வேற எந்த கேன்சர் ரசாயனமும் குடுக்காம வெறும் எச். பைலோரிய மட்டும் குடுத்து 62 வாரம் வெச்சிருந்தாங்க, 37 சதவீத விலங்குக்கு வயித்துல அடினோகார்சினோமாங்கற கேன்சர் வந்துச்சு. இந்தக் கிருமிய 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் அமைப்பு முதல் வகை கேன்சர் காரணின்னு அறிவிச்சிருந்தாலும், அது மட்டுமே தனியா கேன்சர கொண்டு வரும்னு ஒரு விலங்குல கண்ணு முன்னாடி காட்டினது அந்த சமயத்து ஜெர்பில் வேலைகள்தான். புண்ணும் வருது, சுண்டெலிக்கு அப்படி அல்சர் வர்றதில்ல. ஆனா ஜெர்பில்லயும் ஸ்ட்ரெய்ன்தான் எல்லாமே, வேற லேப்ல வேற ஸ்ட்ரெய்ன வெச்சு நீண்ட நாள் பாத்தும் கேன்சர் வராம போயிருக்கு. இன்னொண்ணு, வீக்கம் அதிகமா இருக்குற ஜெர்பில் வயித்துல சுரப்பிகள் அடியில தசை வரைக்கும் இறங்கி வளரும், பாத்தா கேன்சர் ஊடுருவின மாதிரியே தெரியும், ஆனா கிருமிய அழிச்சா அதுல நிறைய பின்வாங்கிடும். அனுபவம் இல்லாத கண்ணு அத கேன்சர்னு எழுதிடும், ஜெர்பில் எடுத்தா கண்டிப்பா நல்ல பாத்தாலஜிஸ்ட் கூட வேணும். ஆன்டிபாடியும் ஜெர்பிலுக்கு ரொம்ப குறைவாத்தான் கிடைக்குது, ஜீன் மாத்தின ஜெர்பில் தேடினாலும் சுண்டெலி அளவுக்கு கிடைக்காது.

உங்க கேள்விய பிரிச்சுப் பாருங்க. சாறு காக்-ஏ, ஐஎல்-8 வழிய தடுக்குதாங்கற கேள்விக்கு விலங்கே வேண்டாம், ஏஜிஎஸ்னு மனுஷ வயித்து செல் இருக்கு, அதுல காக்-ஏ உள்ள போனா செல் ஹம்மிங்பேர்ட் அலகு மாதிரி நீளமா இழுத்துக்கும், ஐஎல்-8ம் மனுஷ செல்லுங்கறதால நிஜமாவே அளக்கலாம். வசதி இருந்தா மனுஷ வயித்து ஆர்கனாய்டு (செல்லுலேருந்து வளர்த்த குட்டி வயிறு மாதிரி) இன்னும் நல்லது. சாறு வயித்துக்குள்ள கிருமி எண்ணிக்கைய குறைக்குதா, வீக்கத்த குறைக்குதாங்கறதுக்கு மட்டும் சுண்டெலி போதும்.

லேப்தேனீ:

பெட்ரிதட்டு அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஐஎல்-8 விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது, மூணு பேப்பர்ல சுண்டெலில ஐஎல்-8னு எழுதியிருந்ததாலதான் நானும் எழுதினேன். சுண்டெலி வயிறும் நம்ம வயிறும் வேற எதுல எல்லாம் வித்தியாசம்னு ஒரே இடத்துல சொல்ல முடியுமா, கமிட்டில ஏன் சுண்டெலின்னு கேட்டா சொல்லணும். வெள்ளெலி விஷயமும் யாராவது சொல்லுங்க.

கால்நடைவைத்தியர்:

வெள்ளெலிக்கு நான் பதில் சொல்றேன்மா, நான் வெட்னரி டாக்டர், ஒரு அனிமல் ஹவுஸ பல வருஷமா பாத்துக்கறேன். இந்தியன் ஜெர்பில்ங்கற இனம் நம்ம வயல்ல இருக்கறது உண்மைதான், ஆனா ஆய்வுல சொல்ற மங்கோலியன் ஜெர்பில் வேற இனம். வயல்லேருந்து பிடிச்ச விலங்குக்கு என்ன வயசு, என்ன நோய், வயித்துல ஏற்கனவே என்ன கிருமி இருக்குன்னு எதுவும் தெரியாது, பிடிச்சுட்டு வர்றவங்களுக்கும் அனிமல் ஹவுஸ்ல வேலை பாக்குறவங்களுக்கும் எலிக்காய்ச்சல் மாதிரி நோய் தொத்தற ஆபத்தும் இருக்கு. நம்ம ஊர் விதிப்படி பதிவு செஞ்ச இடத்துல வளர்த்த விலங்கத்தான் வாங்கணும், காட்டுல பிடிச்சது வேண்டவே வேண்டாம்.

அந்த "ஏற்கனவே என்ன கிருமி"ங்கறதுதான் உங்க சுண்டெலிக்கும் முக்கியம். 1990கள் ஆரம்பத்துல அமெரிக்கால ஒரு நீண்டகால கேன்சர் ஆய்வுல எந்த ரசாயனமும் குடுக்காத கண்ட்ரோல் சுண்டெலிகளுக்கே கல்லீரல்ல வீக்கமும் கட்டியும் வந்துச்சு. தேடிப் பாத்தா எச். ஹெபாடிகஸ்னு அதுவரைக்கும் யாரும் பாக்காத ஒரு ஹெலிகோபாக்டர் (எச். பைலோரியோட இனத்துக் கிருமி) அந்த காலனி பூரா இருந்துச்சு, 1994ல வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் தேடத் தேட எச். பிலிஸ், எச். ரோடென்டியம்னு வரிசையா கிடைச்சுது. இதுங்க சாணி வழியா ஒரு கூண்டுலேருந்து இன்னொரு கூண்டுக்கு போகும், சுண்டெலி தன் சாணிய தின்னும்ங்கறது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். இதுல பலதுக்கு எச். பைலோரி மாதிரியே யூரியாவ உடைக்கற யூரியேஸ் என்சைமும் உண்டு, அதனால உங்க யூரியேஸ் டெஸ்ட் பிங்க் ஆச்சுன்னா அது நீங்க குடுத்த கிருமியாலதான்னு சொல்லிட முடியாது. விலங்கு வந்து இறங்கின வாரமே சாணி எடுத்து எந்த ஹெலிகோபாக்டர் இருந்தாலும் காட்டற பொது பிசிஆர் (டிஎன்ஏ டெஸ்ட்) பண்ணுங்க, பாசிட்டிவ்னா திருப்பி அனுப்புங்க, பாவம் பாக்காதீங்க. அப்புறம் ஒரே வெண்டர், ஒரே பேட்ச்னு வாங்குங்க, ஒரே பிளாக் சிக்ஸா இருந்தாலும் வாங்கற இடம் மாறினா குடல்ல இருக்கற மத்த நுண்ணுயிர் மாறுது, அதோட வீக்கத்தோட அளவும் மாறுது.

எத்திக்ஸ் பேப்பர்ல எழுதறப்போ 60ங்கற எண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு கணக்கு காட்டணும், குரூப்புக்கு பத்துன்னு பழக்கத்துல எழுதறத நான் மீட்டிங்ல ஒவ்வொரு தடவையும் நிறுத்தி கேப்பேன். வலி தெரியற நிலை வந்தா எந்த கட்டத்துல ஆய்வ நிறுத்துவீங்கன்னும் எழுதுங்க, எடை எத்தனை சதவீதம் குறைஞ்சா நிறுத்துவீங்கன்னு எண்ணோட எழுதுங்க. காவேஜ், அதாவது வாய் வழியா ஊசிக்குழாய் விட்டு வயித்துக்குள்ள குடுக்கறது, பழகாம நேரா கிருமி குடுக்க ஆரம்பிக்காதீங்க. நுனி உருண்டையா இருக்குற வளைஞ்ச ஊசி, 0.2 மில்லிக்குள்ள, கழுத்த நேரா நீட்டி பிடிச்சு தானா வழுக்கி இறங்கணும், தடுத்தா வெளிய எடுத்துடணும், அழுத்தினா உணவுக்குழாய் கிழியும், இல்ல நுரையீரலுக்கு போகும். என்கிட்ட ஒரு வாரம் வெறும் தண்ணியோட பழகினவங்களத்தான் விடுவேன். பின்னாடி என்னைக்காவது ஜெர்பில் பக்கம் போனீங்கன்னா வால் நுனிய பிடிச்சு தூக்கிடாதீங்க, தோல் உரிஞ்சு கையோட வந்துடும்.

பெட்ரிதட்டு:

டாக்டர் சார் சொன்ன பிசிஆர் விஷயத்த நான் சொல்ல மறந்துட்டேன், அதுதான் முதல்ல செய்ய வேண்டியது.

வித்தியாசம் கேட்டீங்கல்ல. சுண்டெலி வயித்தோட மேல்பகுதி ஃபோர்ஸ்டொமக், அங்க சுரப்பியே கிடையாது, உணவுக்குழாய் மாதிரி தடிச்ச தோல், எச். பைலோரி அங்க ஒட்டாது, எண்ணிக்கை எடுக்கறப்போ அந்தப் பகுதிய வெட்டி ஒதுக்கிடணும். நம்ம வயிறு காலியா இருக்கறப்போ பிஎச் 1லேருந்து 2, சுண்டெலிக்கு 3, 4ன்னு இருக்கும், அதனால அமிலத்துல கரையற இல்ல சிதையற சாறா இருந்தா சுண்டெலில வர்ற ரிசல்ட் மனுஷனுக்கு அப்படியே வராது. கிருமி ஒட்டிக்கறதுக்கு பிடிக்கற கொக்கிகளும் வேற, ஹாப்-க்யூங்கற புரதம் மனுஷ செல்மேல இருக்குற சீகாம்ங்கற புரதத்து மேல ஒட்டும், சுண்டெலி சீகாம் மேல ஒட்டாது, வாக்-ஏ நச்சு மனுஷ டி செல்லுக்குள்ள (ஒரு எதிர்ப்பு செல்) போற வழி சுண்டெலி டி செல்ல இல்ல. இத்தனையும் தாண்டி அங்க தங்கறதே பெரிய விஷயம்தான்.

சுண்டெலி ஜாதியும் முக்கியம், பிளாக் சிக்ஸுக்கு டிஎச்1ங்கற வீக்கத்த தூண்டற எதிர்ப்புப் பக்கம் சாயற உடம்பு, வீக்கம் பலமா வரும், பால்ப் சிங்கற ரகத்த எடுத்தா கம்மியா வரும். இன்னொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், நம்ம நாட்டோட நேரடியா சம்பந்தப்பட்டது. சூரிச்ல ஒரு குழு 2011ல காட்டினது, பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிக்கு பிஎம்எஸ்எஸ்1 குடுத்தா கிருமி நல்லா தங்குது ஆனா வீக்கமும் கேன்சருக்கு முந்தின மாற்றமும் வர்றதில்ல, உடம்பு அத சகிச்சுக்க பழகிடுது, வளர்ந்தப்புறம் குடுத்தாத்தான் அந்த சேதம். இந்தியால நிறைய பேருக்கு சின்ன வயசுலயே இந்தக் கிருமி வந்துடுது, ஆனா மிசோரம் மாதிரி சில இடம் தவிர வயித்து கேன்சர் ஜப்பான், கொரியா அளவுக்கு இல்ல. அதுக்கு இதுதான் முழு காரணம்னு நான் சொல்ல வரல, சாப்பாடு, கிருமியோட ரகம், குடல் புழு எல்லாமே பேசப்படுது, குடல் புழு இருக்குற சுண்டெலிக்கு ஹெலிகோபாக்டர் குடுத்தா வீக்கம் குறையுதுன்னும் 2000ல காட்டியிருக்காங்க. எட்டு வார சுண்டெலியா குட்டியாங்கறத யோசிச்சு காரணத்தோட எழுதுங்க, பேப்பர்ல இருக்குன்னு எட்டு வாரம் போடாதீங்க.

திருச்சிவாசி:

நான் சயின்ஸ் ஆள் இல்ல, கடை வெச்சிருக்கேன். போன வருஷம் எண்டோஸ்கோப்பில எனக்கு இந்தக் கிருமி இருக்குன்னு சொல்லி 14 நாள் மாத்திரை குடுத்தாங்க, வாய் பூரா கசப்பு, முடிச்சுட்டேன், இப்ப இல்ல. அதனாலதான் இந்தத் தலைப்ப பாத்ததும் உள்ள வந்தேன். மனுஷ வயித்துல இருக்குற கிருமி, எலி வயிறு இவ்ளோ வித்தியாசம்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு எலிய போட்டு படுத்தணும், எனக்கு மாதிரி நோயாளிங்ககிட்டயே பாத்துடலாமே? தப்பா எடுத்துக்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

பெட்ரிதட்டு:

தப்பே இல்லண்ணா, இத எல்லாரும் கேக்கணும். மனுஷன்ல நேரா பாத்த கதையிலதான் இது ஆரம்பிச்சுது. ஆஸ்திரேலியாவோட பெர்த்ல பேரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு டாக்டர், இந்தக் கிருமிதான் அல்சருக்கு காரணம்னு சொன்னப்போ பெரும்பாலானவங்க நம்பல, டென்ஷனும் அமிலமும்தான் காரணம்னு இருந்த காலம். மார்ஷல் பன்றிக்குட்டிக்கு குடுத்து பாத்தாரு, தங்கல. வேற வழியில்லாம 1984ல முதல்ல தனக்கு எண்டோஸ்கோப்பி பண்ணி வயிறு சுத்தமா இருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு கிருமி கலந்த திரவத்த தானே குடிச்சாரு. சில நாள்ல வாந்தி, வாய் நாத்தம், பத்தாவது நாள் மறுபடி எண்டோஸ்கோப்பி பண்ணப்போ வயித்துல வீக்கமும் கிருமியும் இருந்துச்சு. அப்புறம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரு. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல். ஆனா அவரால காட்ட முடிஞ்சது ஒரு ஆள்ல ரெண்டு வார வீக்கம் மட்டும்தான், அல்சர் வரைக்கும் கூட போகல. முப்பது வருஷம் கழிச்சு கேன்சர் வருதான்னு பாக்க யாருக்கும் கிருமிய குடுத்துட்டு காத்திருக்க முடியாதுல்ல.

பன்றிக்குட்டி பின்னாடி சரியா வந்துச்சு, 1987ல அமெரிக்கால சிசேரியன் பண்ணி எடுத்து எந்தக் கிருமியும் படாத கூண்டுல வளர்த்த குட்டிகள்ல தங்குச்சு. அதுலதான் யூரியேஸ் இல்லாத கிருமியால வயித்துல தங்கவே முடியாது, நீந்த முடியாத கிருமியாலயும் முடியாதுன்னு தெரிஞ்சுது. தட்டுல ரெண்டுமே நல்லா வளரும், வயித்துலதான் அந்த வித்தியாசம் வெளிய வருது. உங்களுக்கு குடுத்த மாத்திரையோட நேரடியா சம்பந்தப்பட்ட ஒண்ணும் சொல்றேன், ஜெர்பில்ல கிருமிய சீக்கிரம் அழிச்சா கேன்சர் நல்லா குறையுது, ரொம்ப லேட்டா அழிச்சா அந்தளவு பலன் இல்லன்னு காட்டினாங்க. மனுஷங்கள்ல ஜப்பான்ல 1526 பேர பல வருஷம் தொடர்ந்து பாத்து 2001ல வெளியிட்டப்போ, கேன்சர் வந்த 36 பேருமே கிருமி இருந்தவங்க, கிருமி இல்லாத 280 பேர்ல ஒருத்தருக்கும் வரல. நீங்க அந்த கசப்ப பொறுத்துக்கிட்டு 14 நாள் முடிச்சது நல்ல காரியம்.

தடுப்பூசி விஷயத்துல மட்டும் சுண்டெலி நம்மள ரொம்ப ஏமாத்தியிருக்கு, அத மறைக்க மாட்டேன். 90கள்லேருந்து சுண்டெலில எத்தனையோ தடுப்பூசி ஜெயிச்சுது, மனுஷன்ல ஒண்ணொண்ணா தோத்துச்சு. சைனால குழந்தைங்களுக்கு வாய் வழியா குடுத்த ஒண்ணு மட்டும் முதல் வருஷத்துல 71.8 சதவீதம் பாதுகாப்பு காட்டுச்சு, 2015ல வந்துச்சு.

லேப்தேனீ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கைடுகிட்ட இந்த ஐஎல்-8, எஸ்எஸ்1 ரெண்டையும் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரி மாத்தி எழுதுன்னுட்டாரு. காக்-ஏவும் ஐஎல்-8ம் ஏஜிஎஸ் செல்லுக்கு போயிடுச்சு. சுண்டெலி முதல்ல 12 மட்டும், கிருமி தங்குதான்னு பாக்க, அதுல வர்ற ஏற்ற இறக்கத்த வெச்சுத்தான் அடுத்த எண்ணு கணக்கு போடப் போறோம். கேன்சர்ங்கற வார்த்தைய தலைப்புலேருந்தே எடுத்துட்டேன். அக்கா, பிஎம்எஸ்எஸ்1 கேட்டு எழுதியிருக்கேன், வந்ததும் என்ன கவனிக்கணும்?

பெட்ரிதட்டு:

வந்த அன்னிக்கே முடிஞ்ச வரைக்கும் குறைவா பாசேஜ் (தட்டு மாத்தி மாத்தி வளர்க்கறது) பண்ணி நிறைய சின்னக் குப்பியா கிளிசரால்ல பிரிச்சு மைனஸ் 80ல போட்டுடுங்க, ஒவ்வொரு எக்ஸ்பெரிமெண்டுக்கும் புதுக் குப்பி, தட்டுலேருந்து தட்டுக்கு மாசக்கணக்கா மாத்திக்கிட்டே இருந்த கிருமி சுண்டெலில தங்காம போகும். குடுக்கற அன்னிக்கு மைக்ரோஸ்கோப்ல பாருங்க, சுருளா வேகமா நீந்திக்கிட்டு இருக்கணும், உருண்டையா மாறியிருந்தா அன்னிக்கு குடுக்காதீங்க, எண்ணிக்கை சரியா இருந்தாலும் வேண்டாம்.

கடைசில இன்னொண்ணு. பிஎம்எஸ்எஸ்1ம் சுண்டெலிக்குள்ள மாசக்கணக்கா இருந்தா காக் பகுதில இருக்குற காக்-ஒய் ஜீன மாத்தி மாத்தி அடுக்கி காக் வேலைய இழந்துடும், சுண்டெலியோட எதிர்ப்பு சக்தி அந்தப் பக்கம் தள்ளுது. அதனால வயித்துலேருந்து திரும்ப எடுத்த காலனிகள தூக்கிப் போட்டுடாதீங்க, ஒவ்வொரு விலங்குலேருந்தும் சிலத ஏஜிஎஸ் மேல விட்டு இன்னும் ஐஎல்-8 தூண்டுதான்னு பாருங்க. சாறு குடுத்த குரூப்ல வீக்கம் குறைஞ்சா அது சாறாலயா, இல்ல கிருமியே சாதுவாயிட்டதாலயான்னு பிரிச்சு சொல்ல அது ஒண்ணுதான் வழி. வயித்த எடுக்கறப்போ நீளவாக்குல ரெண்டா வெட்டி ஒரு பாதி கல்ச்சருக்கு, ஒரு பாதி ஸ்லைடுக்கு. ஸ்லைடுல எந்த குரூப்னு பாத்தாலஜிஸ்ட்கிட்ட சொல்லாதீங்க.

கால்நடைவைத்தியர்:

12ன்னு குறைச்சது சந்தோஷம்மா. காவேஜ் பழகறதுக்கு உங்க ஊர்ல ஆள் இல்லேன்னா உங்க அனிமல் ஹவுஸ் வெட்னரி டாக்டர்கிட்ட முன்கூட்டியே நேரம் கேட்டுடுங்க, கமிட்டி விண்ணப்பமான ஃபார்ம் பில அவர் கையெழுத்து வாங்கப் போறப்பவே பேசிடலாம்.